இடைவேளை வரை

டோக்கன் நூற்றுப் பதினேழு.
நான்காம் இரவு.
ஈரப்பதம் இருபத்தொன்று என்று
கருவி சொல்லிவிட்டது,
நெல்லை ஒரு வார்த்தை கேட்காமல்.

தார்ப்பாய் இழுத்து, ஓரத்தில் கல் வைத்து
உட்கார்ந்தோம்.
பட்டியல் எழுத்தர் திருமேனிக்குத் தூக்கம் வரவில்லை.
சாக்கில் கட்டுகிற அட்டையைத் திருப்பி
ஒன்று முதல் பத்து வரை எண் போட்டார்.
"ஆளுக்குப் பத்துப் படம்.
பாத்ததுலயே உசத்தியானது.
யோசிச்சுச் சொல்லணும்."

கொள்முதல் நிலையத்தின் ஒற்றை டியூப்லைட்.
கோடியக்கரைப் பக்கம் மின்னல்.
யோசித்தோம்.

ஜெகபர் சாதிக் வரிசையாகச் சண்டைப் படம் சொன்னார்.
ஏழாவதில் நின்றார்.
"ரெண்டாவதை அடிங்க சார்.
அந்த வில்லன் எங்க மாமு ஜாடை,
அவன் அடிவாங்குனதுக்காகப் புடிச்சுது."
மாமுவுக்கும் இவருக்கும் வரப்புத் தகராறு,
ஊரறியும்.
திருமேனி அடித்தார்.
இரண்டுக்கு நேரே வேறெதுவும் எழுதவில்லை.

அறுவடை மிஷினோடு வந்த ஆத்தூர்ப் பையன்
எல்லாப் படமும் போனில், வண்டி ஓடும்போது
பக்கத்து இருக்கையில் பார்த்தவன்.
"இன்ஜின் சத்தத்துல வசனம் கேக்காதுக்கா.
அழுவுறவங்க நல்லவங்கன்னு வச்சுக்குவேன்.
முக்கால்வாசி சரியா இருக்கும்."

என் முறை.
முதல் நான்கும் பொய்.
ஊரே மெச்சிய படங்கள்,
நான் தூங்கிப்போன படங்கள்.
நல்ல படம் சொன்னால்
நெல்லும் காய்ந்துவிடும் போல ஒரு நினைப்பு.

ஐந்தாவதற்கு வாய் தானாகத் திறந்தது.

மன்னார்குடியில் மேட்னி.
ஒருத்தி மழையில் ரயிலைவிட்டு இறங்குகிறாள்.
கையில் இருப்பது அவள் பெட்டி இல்லை.
பிளாட்பார பெஞ்சில் வைத்துக்
கொக்கியில் விரல் வைக்கிறாள்.
இடைவேளை.

முறுக்கு வாங்கி உட்கார்வதற்குள்
வாசலில் எவனோ கத்தினான்:
பாமணியில் உடைப்பு.
பாதிக் கொட்டகை எழுந்தது.
அன்று இரவு முழுக்க மணல் மூட்டை,
மறுவாரம் மறுநடவு,
அதற்கடுத்த வாரம் படத்தை மாற்றிவிட்டார்கள்.
பேர் மறந்துபோச்சு.
இருபத்திரண்டு வருசமாக
அந்த விரல் கொக்கியிலேயே இருக்கிறது.

"அதை எப்படி எழுத?" என்றார் திருமேனி.
"பாதின்னு எழுதுங்க."

மூட்டை அடுக்கின்மேல்
தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த
சுமை தூக்குகிற வைரக்கண்ணு புரண்டார்.
"நான் பாத்தேன் அந்தப் படம்.
இடைவேளைக்குப் பொறவு மட்டும்.
அப்பத்தான் கேட்டுல டிக்கெட் கேக்க மாட்டான்."

எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
"சொல்லாதீங்க" என்றேன்.
சொல்லட்டும் என்றும் இருந்தது.

"பெட்டியெல்லாம் இல்லயே.
அவ கைல ஒரு புள்ள."
"அவளுக்குக் கல்யாணமே ஆவல."
"மழையும் இல்ல. நல்ல வெயிலு.
கடைசில ஒரு டேசன்ல வந்து நிக்கிறா,
ரயிலு போயிடுது."
"அது வேற படம்."
"அதே மூக்குத்தி."
"மூக்குத்தியே போடல அவ!"

ஜெகபர் என் பக்கம். ஆத்தூர்ப் பையன் அவர் பக்கம்.
திருமேனி ஐந்தில் இரண்டு பாதிகளை எழுதி
நடுவில் ஒரு கோடு போட்டார்.
கோடு காய்வதற்குள் மழை வந்துவிட்டது.

பிறகு தார்ப்பாய்தான், கால்தான், கெட்ட வார்த்தைதான்.
அட்டை எங்கே போனது என்று
யாரும் தேடவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் வெயில் கிடைப்பது
கடன் திரும்பி வருகிற மாதிரி.
பதினேழு காட்டியது கருவி.
எடை போட்டாயிற்று.

என் முப்பதாவது மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு
லாரிப் பலகையில் பாதி ஏறிய வைரக்கண்ணு
அப்படியே நின்றார்.
பலகை வளைந்தது.

"ஏந் தாயி,
அந்தப் பெட்டில
புள்ளத் துணி இருந்திருக்குமோ?"

"மூட்டைய எறக்கிட்டு வந்து
சொல்லுங்க" என்றேன்.