மாலுபணிஸ்

கோவா இலை இரண்டு
பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன்.
ஒரு நிமிடம் குளிர். பிறகு
அவிந்த கறி மணம்.

வலப்பக்கம் கல்.
இடப்பக்கம் வெடிப்பு. அவன் வாய் வைக்கையில்
என் கால்விரல்கள் மடங்கி
நிலத்தைப் பிடிக்கப் பார்க்கின்றன,
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்.

"பால் காணாதோ பிள்ளைக்கு?"
மட்டக்களப்பிலிருந்து போன்.
காணும், மாமி. வழிதான் அடைத்துக் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை மிட்வைஃப் வந்தா. பத்மலதா.
ஈரக்குடையை வாசலில் விரித்து வைத்து,
கை கழுவி,
அரைத் தமிழில் கேட்டா:
"மாலுபணிஸ் எப்பிடித் தின்றது?
நுனியை மட்டும் கடிக்கிறதா?"
சிரித்தேன். தையல் நொந்தது.

கல்லுப் பக்கத்தை இரண்டு விரலால் அமர்த்தித்
தட்டையாக்கி,
அவன் மேலுதட்டில் தொட்டுக்கொண்டு
காத்திருந்தா.
காத்திருந்தா.
அவன் கொட்டாவி விட்டதும்
வாய் நிறையக் கொடுத்தா.

நோகவில்லை என்று சொல்லமாட்டேன்.
பத்துவரை எண்ணத் தொடங்கி
ஏழில் மறந்துபோனேன்.
கீழே பாணந்துறை ரயில்.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அவன் விடவில்லை.
மிடறு.
மிடறு.
கல்லில் ஒரு மூலை இளகியது.

இடப்பக்கத்துக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது.
பத்மலதா குடையை உதறிக்கொண்டு
ஐந்தாம் மாடிக்கு
ஏறிப் போனா.