ஒரே சாம்பல்

ஊற்றி முடித்தபோது மாலை நாலு.
இனி அவசரப்பட்டுப் பயனில்லை.
நீர் மேலே வரும்,
சமையலறைப் பக்கம் முதலில், பிறகு கூடத்தில்;
கசிந்து மினுங்கித் தானாகப் போகும்.
போகுமுன் கரணை வைத்தால்
பின்னால் தோல் உரியும் தரை.
போய் வெகுநேரம் ஆனால் கல்.
நடுவில் எங்கேயோ இருக்கிறது எங்கள் கூலி.

ஜூன் மாதம். ஆக்ரானெஸில் சூரியன்
கடலைத் தொட்டதுபோல் காட்டிவிட்டு
மனம் மாறித் திரும்பிவிடும்.
போகுமில் வேனில் உறங்குகிறான்
தொப்பியால் முகத்தை மூடி, ரேடியோவை மூடாமல்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
வாசலோரம் பூட்ஸ் காலை அழுத்திப் பார்க்கிறேன்.
ஒரு விரல் ஆழம்.
அரை விரல்.
பதினொன்றரைக்கு வெறும் தடம்.
எழுந்திருடா என்றேன்.

ஹெலிகாப்டர் என்போம் அந்த இயந்திரத்தை.
நான்கு தகடுகள், பறக்காது.
முதல் சுற்றில் சேற்றில் நடக்கும் எருமைச் சத்தம்.
தகடுகளை நிமிர்த்த நிமிர்த்தக்
குரல் மெலிந்து ஏறும்.
நாலாம் சுற்றில் பீங்கான்மேல் கரண்டி.
இந்த வேலைக்கு ரசமட்டத்தைவிடக் காது முக்கியம்.
மூலைகளுக்கு அது வராது.
முழங்காலுக்கடியில் பலகை, கையில் கரணை,
பின்னோக்கியே நகரவேண்டும்.
மூன்று மணிக்கு வாசற்படி முதுகில் இடித்தது.
விடிய ஒன்றும் பாக்கியில்லை,
வெளிச்சம் போகவே இல்லை.

மறுநாள் ரம்பத்தால் கோடு இழுத்தோம்,
வெடிப்பதென்றால் இங்கே வெடி என்று.
கேட்கும். பெரும்பாலும்.

இருபத்தெட்டு நாள் கழித்து மெருகேற்ற வந்தோம்.
ஸ்டெய்னுன் ஓர் அட்டையை நீட்டினாள்,
சின்னச் சதுரம், சாம்பல் நிறம்.
"இது. வீடு முழுக்க இது மட்டும்."

வைரத் தட்டு ஒரு மில்லிமீட்டர் தின்றதும்
அடுப்பு மேடைக்குப் பக்கத்தில்
கறுப்பு மணலுக்கு நடுவே
வெள்ளையாய் ஒரு சுருள்.
கடல்நத்தை.
கடலடியில் வாரிய ஜல்லியோடு லாரி ஏறி,
கலவையில் புரண்டு, ஹெலிகாப்டருக்குத் தப்பி,
இப்போது குறுக்கே அறுபட்டுக் கிடந்தது
நகத்தளவு.
"அறை அறையாய்க் கட்டியிருக்கான் பார்" என்றான் போகுமில்,
ஒரு கொத்தனைப் பற்றி இன்னொரு கொத்தன் பேசும் குரலில்.

ஸ்டெய்னுன் பல் மருத்துவர்.
"எடுத்துவிட்டு அடைத்துவிடுங்கள்" என்றாள்.

துளைத்தேன். சுருள் மூன்றாய் உடைந்தது.
தரையை அரைத்த தூளையே சலித்து,
பிசினில் குழைத்து, பெயிண்ட் மூடியின்மேல்
ஐந்து பொட்டு வைத்துக் காயவிட்டேன்.
ஒன்று நீலம் காட்டியது, ஒன்று பால் காட்டியது.
ஆறாவது ஒட்டியது.
வெறும் சாம்பல் பொய் சொல்லும் என்று
இடுக்கியால் இரண்டு கறுப்பு மணல் பதித்தேன்.
பிறகு திரும்பவும் தட்டு, திரும்பவும் மெருகு,
ஜன்னல் தரைக்குள் இறங்கும்வரை.

கடைசி நாள் வெந்நீர்க் குழாய்களைத் திறந்திருந்தார்கள்.
மண்ணுக்கடியிலிருந்து வரும் நீர்; குளியலறையில்
லேசாக அழுகிய முட்டை வாசனை.
ஸ்டெய்னுன் காலுறைகளைக் கழற்றிக்
கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு
தரையின் சூட்டில் வெகுநேரம் நின்றாள்.
"அது எங்கே இருந்தது?"

காட்டினேன். இல்லை.
ஒரு சாண் இடப்பக்கம். அங்கும் இல்லை.
போகுமில் டார்ச்சைத் தரையோடு தரையாய்ப் படுக்கவைத்தான்,
எந்தப் பிழையும் தப்பாத வெளிச்சம் அது.
என் கரணை தயங்கிய இடம் தெரிந்தது,
அவன் முழங்கால் தெரிந்தது,
எங்களைத் தவிர யாரும் காணாத ஓர் அலை தெரிந்தது.
மூன்று பேரும் தவழ்ந்தோம்.
செய்த எனக்கே தெரியவில்லை.

"நல்ல அடைப்பு" என்றாள்
எழுந்து, முட்டியைத் தட்டியபடி,
தட்ட ஒரு தூசியும் இல்லாமல்.
பணத்தை அங்கேயே அனுப்பிவிட்டாள்.

இயந்திரத்தை வேனில் ஏற்றும்போது
ஜன்னலில் பார்த்தேன். அடுப்பு மேடையருகே
போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு பாதம் மட்டும்
தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது,
பிடுங்கிய பல்லின் இடத்தில்
நாக்குப் போல.