பரிசீலிக்கலாம்

பஹாவ் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடை.
தே ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.

புத்ராஜெயாவுக்கு நான் அனுப்பியது
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒரே பக்கமாகத் தர முடியுமா என்றார்கள்.
தந்தேன்.
"வேண்டும்" என்றிருந்த இடமெல்லாம்
"பரிசீலிக்கலாம்" என்றாகித் திரும்பி வந்தது.
கையெழுத்து மட்டும் என்னுடையதே.

அட்டவணை ஆறு, பதிலளித்தவர் எண் பதினேழு:
வெள்ளையம்மா.
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்,
இங்கேயே பிறந்தும் இன்னும் சிவப்பு ஐசி.
எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள்:
"நான் சொன்னத எழுதுனீங்களா சார்?"

எழுதினேன்.
மாதிரி அளவு சிறியது என்பதையும் எழுதினேன்,
நேர்மையாக.
அந்த ஒரு வரியைத்தான்
அமைச்சு அடிக்கோடிட்டிருக்கிறது.

ஐந்தரை பஸ் வந்துவிட்டது.
தேத்தண்ணிக்கு
அவளே காசு கொடுத்தாள்.