வெறும் எடை

பகல் முழுக்க எனக்கு லோரி நிறுக்கும் வேலை.
பகாவ் போகும் சாலையில், செம்பனை ஆலை வாசலில்,
குலையோடு ஒருமுறை மேடை ஏறும்,
கொட்டிவிட்டு ஒருமுறை ஏறும்.
கழித்து வருவதுதான் காசு.
டயரில் ஒட்டிய சேற்றுக்கும்
ஓட்டுநரின் தலையணைக்கும்
யாரும் பணம் தருவதில்லை.

ராத்திரி பத்துக்கு மேல்
செங்கமலம் அக்காவின் முறுக்கை நிறுக்கிறேன்.
முறுக்கை அல்ல,
முறுக்கு விற்கும் அகப்பக்கத்தை.

"ஆளுங்க பார்க்குறாங்க தம்பி,
வாங்கத்தான் மாட்டேங்குறாங்க."
பார்க்கவில்லை அக்கா.
காத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு
நாலாம் டிவிஷனுக்குப் போனேன்.
அங்கே லைன் கிடைப்பது ஓர் இடத்தில்தான்:
பள்ளத்துப் பாலத்தின் இடதுபக்கச் சுவர்மேல்,
அதுவும் நின்றுகொண்டு.
ஏறினேன். தட்டினேன்.
வட்டம் சுற்றியது.
ஒரு டிராக்டர் போனது.
வட்டம் சுற்றியது.
மீன் பிடிக்கப் போன மூன்று வங்காளப் பையன்கள்
என்னை ஒருமுறை, வானத்தை ஒருமுறை
பார்த்துவிட்டுப் போனார்கள்.
நாற்பத்தொன்றாம் வினாடியில்
ஒரு மயில் வந்தது. தோகை விரித்தது.
நாதஸ்வரம் தொடங்கியது.
முறுக்கு இன்னும் வரவில்லை.

பதினெட்டு மெகாபைட்.
இறக்க ஆரம்பித்தேன்.
மயிலை முதலில் அனுப்பினேன்.
அதற்காக அக்கா இரண்டு நாள் பேசவில்லை.
நாதஸ்வரம் போனதை யாரும் கவனிக்கவில்லை.
கடைப் பெயரை எழுதுவதற்கென்று
எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஐந்து எழுத்துருக்களில்
நாலைத் திருப்பி அனுப்பினேன்.
அதிரசம், ஓமப்பொடி, நெய்யுருண்டை,
கட்டைவிரல் அளவுப் பெட்டிக்குள்
சுவர் அளவுப் படங்களை மடித்துத் திணித்திருந்தது.
யார் திணித்தது? நான்தான், போன வருசம்,
ஐம்பது ரிங்கிட்டுக்கும் ஒரு டின் அச்சு முறுக்குக்கும்.
கடைசி வரிசைப் படங்களிடம்,
ஆள் அங்கே வரும்போது வந்தால் போதும்,
அதுவரை பின்கட்டில் இருங்கள் என்றேன்.

மிஞ்சியது, கடை திறந்த அன்று எடுத்த படம்.
ஆறு மெகாபைட்.
சுருக்கும் முன் ஒருமுறை விரித்துப் பார்த்தேன்.
முன்னால் அக்கா, ரிப்பன், கத்தரிக்கோல்,
மாலையோடு யாரோ ஒரு டத்தோ.
பின்னால், ரொம்பப் பின்னால்,
மாவு மூட்டைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில்
சுலாஸ்த்ரி.
ஜல்லிக்கரண்டியைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல்
எட்டிப் பார்க்கிறாள்.
அக்கா முறுக்கு என்று ஊரே சொல்லும் முறுக்கை
நாலு வருசம் பிழிந்த கை.
பெர்மிட் முடிந்து கிசாரானுக்குப் போய்
எட்டு மாதம் ஆகிறது.
முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகூடத் தெரிந்தது.

படத்தைச் சுருக்குவது என்றால் வேறொன்றுமில்லை,
கண் தேடாததை முதலில் எறிவது.
எண்பது என்று வைத்தேன்: தழும்பு போனது.
அறுபது: கரண்டி போனது.
நாற்பதில் அவள் முகம்
மாவு மூட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது.
டத்தோ பளிச்சென்றுதான் இருந்தார்.
தொண்ணூறு கிலோபைட்.
ஏற்றிவிட்டேன்.

பாலத்துச் சுவரில் நிற்பவளுக்கு
இன்னொரு டிராக்டர் போகும்வரை
கால் கடுக்கக் கூடாதே.
முழுப் படத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை.
பழைய எடைச்சீட்டுகள் வைக்கும் கோப்பில் கிடக்கிறது,
வெறும் எடை என்ற பெயரில்.

இப்போது இரண்டே வினாடி.
தீபாவளிக்கு முந்தின வாரம் அக்கா கூப்பிட்டார்.
"தம்பி, எதுவோ கெட்டுப்போச்சு.
தொட்டதும் வந்து நிக்குது, சுத்தவே மாட்டேங்குது."
சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்படியா", கொஞ்ச நேரம் சத்தமில்லை.
எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது.
"நூத்திப் பத்து டின் ஓடர் வந்து கிடக்கு.
பிழிய ஆள் இல்ல."