ஒன்றரைக் கல் சுவர்

எட்டு ஆன்டெனா வைத்த கறுப்பு ரவுட்டர்
கண்ணாடிப் பெட்டிக்குள்
மல்லாந்த வயல்நண்டு மாதிரி கிடந்தது.
"இருக்கறதிலேயே வேகம் இதுதான்க்கா" என்றான் ஜெரோம்.
விலையை மூட்டையால் வகுத்துப் பார்க்கும் புத்தி
மன்னார்குடியில் எல்லோருக்கும் உண்டு.
ஈரப்பதம் கழிக்காமல்
ஒன்பது மூட்டை நெல்.

வீட்டை வரைந்து காட்டச் சொன்னான்.
உரக்கடை ரசீதின் முதுகில் வரைந்தேன்.
வாசல், கூடம்,
யூரியா மூட்டை அடுக்கியிருந்த அறை.
அதுதான் இப்போது என் ஆபீஸ்.
அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோய்களுக்கெல்லாம்
அங்கே உட்கார்ந்து ராத்திரி முழுக்க
நம்பர் போடுகிறேன்.
அப்புறம் நடுவே ஒரு கோடு.
பேனா அங்கே தானாக அழுந்திற்று.

"இது என்ன சுவர்க்கா?"
பாகப்பிரிவினைச் சுவர். ஒன்றரைக் கல்.
எங்கள் பக்கம் பூசியிருக்கிறது.
அந்தப் பக்கம் பூசினார்களா, தெரியாது.
ஒரு ராத்திரி மடையை வெட்டியது யாரென்று
என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் ஆரம்பித்த பேச்சு
கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு வந்து
கூடத்தில் நின்றுவிட்டது.
அது ஆயிற்று, ஒன்பது வருஷம்.

ஜெரோம் தலையைச் சொறிந்தான்.
"அஞ்சு கிகாஹெர்ட்ஸ் பறக்கும்க்கா.
ஆனா இந்த மாதிரி சுவரைக் கண்டா சோர்ந்துரும்.
ரெண்டு புள்ளி நாலு மெதுவுதான்.
ஆனா தாண்டிப் போயிரும்."
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அந்த வாரம் வாய்க்கால் தூர்வார
பொக்லைன் வந்தது.
மேட்டூர் திறப்பதற்குள் முடிக்கவேண்டுமாம்.
ராவெல்லாம் தோண்டி,
சேற்றோடு எங்கள் கம்பெனி ஒயரையும்
ஒரே வாயில் அள்ளிக் கரையில் போட்டது.

மணி பதினொன்று நாற்பது.
எழுபத்திரண்டு ஃபைல் பாக்கி.
ரவுட்டரில் சிவப்பு விளக்கு.
நண்டை வாங்கியிருந்தாலும்
எட்டுக் கையையும் விரித்திருக்கும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் பட்டியலைத் தேய்த்தேன்.
அடியில், ஒற்றைக் கோடு மட்டும் எரிய,
ஒரு பெயர்: வடபாதி.
பத்திரத்தில் உள்ள அதே சொல்.

கடவுச்சொல் கேட்டது.
ஓரகத்தி வேதவல்லியின் பெயரைப் போட்டேன். இல்லை.
அவள் மகன் பிறந்த தேதி. இல்லை.
பிரசவத்துக்கு நான்தான் கூடப் போயிருந்தேன்,
தேதியில் தப்பு இருக்காது.
பிறகு விரல்
என்னைக் கேட்காமல்
பழைய லேண்ட்லைன் நம்பரை அடித்தது,
எஸ்டிடி கோடோடு.
சுவர் வருமுன் கூடத்து மூலையில் இருந்த போன்.
அதில் பேசியதைவிட
அதை யார் எடுப்பது என்று
நானும் அவளும் கத்தியதுதான் அதிகம்.

திறந்துகொண்டது.

வந்தது கடைமடைத் தண்ணீர்.
ஒரு ஃபைல் போக நாலு நிமிஷம்.
விடிந்தபிறகுதான் முடித்தேன்.
கொல்லைக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு படுத்தேன்.
காலில் சேறு ஒன்றும் இல்லை.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் வேதவல்லி,
"ராத்திரி பூரா என்னடா படம் இறக்கினே,
நெட்டே வரலே?"
பையன் சத்தியம் செய்கிறான், அழுகிறான்.
கையில் காபியோடு
நான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.
வீட்டுக்காரர் ஏன் நிற்கிறாய் என்கிறார்.
ஒன்றுமில்லை.

"நண்டுதானேக்கா?" என்றான் ஜெரோம்.
வேண்டாம். ரெண்டு ஆன்டெனா போதும்,
தாண்டுவதாக இரு என்று நானே
பெட்டியிடம் சொல்லிக்கொண்டேன்.
வீட்டுக்கு வந்து மாட்டினான்.
பெயர்? தென்பாதி.
பாஸ்வேர்டு? நானே அடிக்கிறேன் என்றேன்.
மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
பதினோரு எண்கள்.

சுவரை ஒட்டி வைக்கக்கூடாது என்று
அட்டைப்பெட்டியில் படம் போட்டிருக்கிறது.
ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.