ரசமட்டம்

சாவி கொடுத்தவன் சொன்னது இவ்வளவுதான்:
வண்டி சரிந்து நின்றால் குளிர்பெட்டி ஓடாது.
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருந்த
சுண்டுவிரல் நீள ரசமட்டத்தைத் தட்டிக் காட்டினான்.
பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழி.
அது நடுவில் நிற்கிறவரை கவலையில்லை என்றான்.

ஆறு மீட்டர் நீளம், இரண்டேகால் அகலம்.
அடுப்பு, தண்ணீர்த் தொட்டி,
மடக்கினால் மேசை, விரித்தால் கட்டில்.
கோபித்துக்கொண்டு போய்ச் சாத்திக்கொள்ள
ஓர் அறை மட்டும் இல்லை.
இருந்த ஒரே கதவுக்கு அப்பால்
நெடுஞ்சாலை.

நைஸ்னா பெட்ரோல் பங்கில் சொன்னாய்,
வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறதென்று.
இந்தப் பயணத்துக்காக நீ எழுதிக் கொடுத்தது
விடுப்புக் கடிதமே இல்லை என்று.
டீசல் போட்ட பையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
நுரை விலகி அவன் முகம் தெரிந்தபோது
இருவரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம்.
பத்து ராண்ட் கொடுத்தாய்.
அந்தப் பத்தையும் கணக்கில் சேர்த்தேன்.

பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர்.
கடல் இடதுபுறம் வந்தது, போனது,
வந்தது.
இழுப்பறைக்குள் கரண்டிகள் மட்டும் பேசின.
ஆல்பர்டினியா பக்கம் மேடெல்லாம் கற்றாழை,
ஜூன் குளிரில் செக்கச்செவேலென்று பூத்து நின்றது.
பார் என்று சொல்ல வாய் திறந்து
கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

ஸ்டில்பாய் வந்தபோது இருட்டிவிட்டது.
காரவன் பூங்காவில் நாற்பத்தோராம் எண்,
புல்தரை, அலைச்சத்தம் காலடியில்.
குமிழி வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.
முன்னே எடுத்தாய், பின்னே எடுத்தாய், ஒடித்து எடுத்தாய்.
போதும் என்றேன்.
பெட்ரோல் பங்குக்குப் பிறகு
நான் பேசிய முதல் சொல்.

கட்டிலில் நீ இடது ஓரம், நான் வலது.
நடுவில் தலையணையை அணையாகப் போட்டேன்.
தூக்கத்தில் உருண்டிருக்கிறேன்.
விழித்தபோது அணை காலடியில் கிடந்தது,
என் முதுகு உன் முதுகில்.
ஜன்னல் விளிம்பைப் பிடித்து மேலேறி
என் இடத்துக்குப் போனேன்.
மறுபடி உருண்டேன்.
மூன்றாம் முறை ஏறவில்லை.
நீ விழித்திருந்தாய், மூச்சில் தெரிந்தது.
நிலம் செய்கிற வேலைக்கு
நாம் பொறுப்பில்லை என்பதுபோல் கிடந்தோம்.

விடிந்ததும் கழிவறைப் பெட்டியைக் கொட்ட நீ போனாய்.
முறைப்படி அன்று என் முறை.
திரும்பி வரும் உன்னைப் பார்க்க இறங்கியவள்
கரையைப் பார்த்துவிட்டேன்:
அரைவட்டம் அரைவட்டமாகக் கல்வேலிகள்,
யாரோ எந்தக் காலத்திலோ மீனுக்குக் கட்டியவை.
ஓதம் ஏறும்போது கல் தெரியாது,
எல்லாம் கடல்தான்.
வடிந்த பிறகே தெரிகிறது
உள்ளே எது மாட்டிக்கொண்டதென்று.
ஒரு கொக்கு அவசரமில்லாமல் நடந்து
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது.
அங்கே வைத்துத்தான் கேட்டேன், ஏன் விட்டாய் என்று.
சொன்னாய்.
முழுவதும் சொன்னாய்.
இங்கே எழுதமாட்டேன்.

பக்கத்து வண்டி ஹெஸ்டர் ஃபூரி,
ப்ளூம்ஃபோன்டெய்னிலிருந்து தனியே ஓட்டி வந்தவள்,
நம் பால் திரிந்த கதை கேட்டு
ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு கட்டைகளோடு வந்தாள்.
கூஸ் அறுத்தது, வைத்துக்கொள்ளுங்கள்.
உங்களுக்கு வேண்டாமா என்றேன்.
அவன் போனபின் நான் நடுவில் படுக்கிறேன்,
எந்தப் பக்கம் சரிந்தால் என்ன?
சொல்லிவிட்டுத் தன் நாயைத் திட்டப் போய்விட்டாள்.

ஸ்ட்ரெய்ஸ்பாய், மறுநாள் மாலை.
சிமெண்ட் போட்ட தளம்.
குமிழி தானாக நடுவில் வந்து நின்றது,
அசையவில்லை.
குளிர்பெட்டி முனகத் தொடங்கியது.
புதுப் பாலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால்
நீ இல்லை.
பக்கக் கண்ணாடியில் தெரிந்தாய்,
வலதுபுறச் சக்கரங்களின் அருகே மண்டியிட்டு
கூஸின் கட்டைகளை
ஒவ்வொன்றாக அடியில் செருகிக்கொண்டு.
எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு,
கொஞ்சம் முன்னே எடு என்று கையசைத்தாய்.

எஞ்சினைக் கிளப்பினேன்.
பால் திரிந்தால் திரியட்டும்.