நொட்டாங்கை

ஜனவரி ஒன்பதாம் தேதி, கிளைப்பேடாவில்,
மீன் சந்தைக்கு வெளியே
பனி இறுகிய மூன்றாவது படியில்
என் வலது மணிக்கட்டு முறிந்தது.
பையில் முட்டைகள் இருந்தன.
அவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், சின்னப் பையன்,
"எட்டு வாரம்" என்றான்.
"அதுவரை இன்னொரு கை இருக்கிறதே" என்றான்,
வீட்டில் ஒன்றுவிட்ட தங்கை இருப்பதைச் சொல்வதுபோல.

இருக்கிறது.
ஐம்பத்து நான்கு வருடமாக
கோட்டுப் பைக்குள், முதுகுக்குப் பின்னால்,
எல்லாப் புகைப்படங்களிலும்
யாருடைய நாற்காலியையோ பிடித்தபடி
இருக்கத்தான் இருக்கிறது.

ஏழு வயதில்
யத்விகா டீச்சர் அதைப் பெஞ்சோடு கட்டினாள்.
பச்சை ரிப்பன். அழகான ரிப்பன்தான்,
அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.
நல்ல கையால் எழுது, டாங்குவோலே.
பையன்கள் நொட்டாங்கை நொட்டாங்கை என்று
வீடு வரைக்கும் வந்தார்கள்.

எழுதினேன்.
பஸ் கம்பெனியில் முப்பத்தோரு வருடம்
ஒரு இலக்கம் கோட்டைத் தாண்டியதில்லை.
அச்சுப் போல எழுதுகிறாள் என்பார்கள்.
அச்சுப் போலத்தான்.
யார் கோர்த்த அச்சு என்று
நானும் கேட்டதில்லை.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
சாவி திரும்ப மறுத்தது,
கரண்டி வாயை விட்டுக் கன்னத்துக்குப் போனது.
சட்டைப் பொத்தான்களிடம் தோற்று
கணவரின் பழைய ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொண்டேன்.
(அதை விட்டுவிட்டு அவர் நார்வே போய்ப் பதினோரு வருடம்.
முதலில் மீன் ஆலை. பிறகு வேறொருத்தி.
ஸ்வெட்டர் நல்ல கம்பளி.)

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்,
கட்டுப்போட்ட கையால் அமுக்கிப் பிடித்து.
தோல் வழக்கமான பக்கம் போகாமல்
எதிர்ப்பக்கம் திரும்பி
ஒரே சுருளாக, அறுபடாமல்
தரை வரைக்கும் இறங்கியது.

கத்தியை நான் செலுத்தவில்லை.
கை செலுத்தியது.
யாரும் சொல்லித் தராமலே
அதற்குத் தெரிந்திருந்தது.

எறிய மனம் வரவில்லை.
ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டேன்.
"என்ன அது?" என்றாள் கீழ்வீட்டு செவெரினா.
"அலங்காரம்."
"டிசம்பர் முடிந்துவிட்டதே."
"தெரியும்."

பிறகு தேநீரைத் தலைகீழ்ச் சுற்றாகக் கலக்கினேன்.
பூனைக்கு மறுபக்கக் காதும் உண்டென்று கண்டேன்.
பல்விளக்க ஏழு நிமிடம் ஆனது,
அந்த ஏழு நிமிடமும் கண்ணாடியில்
ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

தபால் நிலையத்தில் பார்சல் வாங்கக் கையெழுத்து.
அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்,
படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இது உங்களுடையது இல்லையே."
எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
கடைசி எழுத்து படிவத்துக்கு வெளியே
கால் நீட்டிக்கொண்டிருந்தது.
ஏழு வயதுக்காரி போட்டது.
விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள், பாவம்,
நடுவில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"என்னுடையதுதான்" என்றேன்
சற்று உரக்க. வரிசை திரும்பிப் பார்த்தது.

மார்ச்சில் கட்டைப் பிரித்தார்கள்.
உள்ளே வெளுத்து மெலிந்து
வெட்கப்பட்டுக் கிடந்தது வலது.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
சம்பளம் வாங்கித் தந்த கை அது.
அலுவலகத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.
கதவு யாருக்கு, ரொட்டி யாருக்கு,
மணல்தீவுக்குப் போகும் படகில்
எதிரே வரும் முகமற்ற படகுக்குக் கையசைப்பது யாருக்கு.
(அது இடதுக்கு. அதில் விவாதமில்லை.)

குளிர்காலத் துணிகளை மடித்து வைக்கும்போது பார்த்தேன்,
இந்த வருடம்
இடது கையுறைதான் முதலில் கிழிந்திருக்கிறது.
கட்டைவிரல் முனையில், ஒரு பட்டாணி அளவு.

தைக்க வேண்டும்.
ஊசியை எந்தக் கையில் பிடிப்பது என்று
மேசை முன்னால்
மூவரும் உட்கார்ந்திருக்கிறோம்.